காயலான் கடையில் நின்றபடி ஒரு கதை

வயதான ஹாட் ராட் ஆசாமிகள் பேசுவதைக் கேட்பது லேசுப்பட்ட காரியமில்லை. முதல் பிரச்னை, உங்கள் கேள்வி அவர்கள் காதில் விழாது. சைலன்ஸர் இல்லாத எஞ்சின்களுக்குப் பக்கத்திலேயே ஆயுளைக் கழித்த காதுகள். இரண்டாவது பிரச்னை, விழுந்தாலும் அதற்குப் பதில் சொல்லமாட்டார்கள். 'அன்றைக்குப் பயமாக இருந்ததா ஐயா?' என்று ஒரு பொடியன் மைக்கை நீட்டுவான். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்கு எத்தனை கார்புரேட்டர் மாட்டியிருந்தோம் என்று ஆரம்பிப்பார். அங்கிருந்து கேம்ஷாஃப்ட். அங்கிருந்து பின் ஆக்ஸிலில் எத்தனைக்கு எத்தனை கியர். இருபது நிமிஷம் கழித்து, பயம் என்ற வார்த்தையே வராமல் பதில் முடிந்திருக்கும்.

சில மாதங்களாக இப்படிப்பட்ட பேட்டிகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆடியோ, வீடியோ, புத்தகம், சினிமா என்று இந்தப் பெரியவர்களின் கதைகள் இன்று ஏராளமாகக் கிடைக்கின்றன. கேட்கக் கேட்க எனக்கு ஒரு சந்தேகம் வலுத்துக்கொண்டே வருகிறது. அவர்கள் சொன்னதற்கும் அவர்களைப் பற்றி மற்றவர்கள் எடுத்த படத்துக்கும் எழுதிய எழுத்துக்கும் நடுவே ஏகப்பட்ட தூரம் இருக்கிறது. யார் ஒழுங்காகக் கேட்டார்கள், யார் கேட்பதுபோல நடித்தார்கள்? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

அதற்கு முன்னால், ஹாட் ராட் என்றால் என்ன? ரொம்ப சிம்பிள். ஒரு பழைய காரை வாங்குவது. மட்கார்டு, பம்பர், கண்ணாடி என்று ஓடுவதற்கு அவசியமில்லாத அத்தனையையும் கழற்றி எறிவது. எஞ்சினைப் பிரித்து முறுக்கேற்றுவது. அப்புறம் அந்த எலும்புக்கூட்டை ஓட்டிக்கொண்டு போய்ப் புத்தம்புதுக் கார்களின் மூக்கை உடைப்பது. நடந்த இடம், அமெரிக்காவில் தெற்குக் கலிஃபோர்னியா. மழை குறைவு, அதனால் பழைய கார் துருப்பிடிக்காது. விமானத் தொழிற்சாலைகள் ஜாஸ்தி, அதனால் லேத் தெரிந்த பையன்கள் தெருவுக்குத் தெரு உண்டு. மலையைத் தாண்டினால் மொஹாவி பாலைவனத்தில் வற்றிப்போன ஏரிகள். மியூராக், ஹார்ப்பர், எல் மிராஜ். சுட்ட அப்பளம் மாதிரி தட்டையான களிமண் தரை, மைல் கணக்கில். பிரேக் பிடிக்காவிட்டாலும் மோதுவதற்கு ஒன்றும் கிடையாது.

நான் படித்தது பி.காம். மூன்று வருஷத்தில் எனக்கு ஒழுங்காக மண்டையில் ஏறிய ஒரே விஷயம் தேய்மானம். ஒரு வண்டி வாங்கினால் வருஷாவருஷம் அதன் மதிப்பில் இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வரவேண்டும். ஒரு நாள் கணக்குப் புத்தகத்தில் பூஜ்யம் வரும். வண்டி என்னவோ வாசலில்தான் நிற்கும். எனக்கென்னவோ ஹாட் ராட் பிறந்தது அந்தப் பூஜ்யத்தில்தான் என்று தோன்றுகிறது. 1932-ல் ஃபோர்டு கம்பெனி தன் சாதாரண ஜனங்களுக்கான காரில் ஒரு வி8 எஞ்சினை வைத்தது. எட்டு சிலிண்டர், 221 கன அங்குலம், 65 குதிரைசக்தி. அதுவரை எட்டு சிலிண்டர் என்றால் பணக்காரர் சமாசாரம். அந்த எஞ்சினுக்கு ஃப்ளாட்ஹெட் என்று பெயர். எக்ஸாஸ்ட் புகை எஞ்சின் பிளாக்குக்கு உள்ளேயே சுற்றி வெளியே வரும்படி அமைத்திருந்தார்கள். அதனால் சுலபத்தில் சூடாகிவிடும், தண்ணீர் கொதிக்கும், திட்டு வாங்கும். ஆனால், மலிவு. ஏழெட்டு வருஷத்தில் அந்தக் கார்கள் அடிமாட்டு விலைக்கு வந்து நின்றபோது, கையில் காசில்லாத, ஸ்பானர் மட்டும் இருந்த பையன்கள் அவற்றை ஓட்டிக்கொண்டு போனார்கள். 1932 மாடலுக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் டியூஸ். 32-ல் இருக்கிற அந்த 2.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஹாட் ராட் பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும், எந்த டாக்குமென்டரியைப் பார்த்தாலும் ஒரு கதை சொல்வார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தது. சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். போர்முனையில் விமானத்தையும் டாங்கியையும் பிரித்து மேய்ந்த கைகள். சாவைப் பார்த்துவிட்டு வந்த மனசு, வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. கையில் கொஞ்சம் ராணுவப் பணம். ஆகவே பழைய ஃபோர்டு. ஆகவே வேகம். ஆகவே ஹாட் ராட்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? சினிமாவாக எடுத்தால் முதல் ரீல் ரெடி. ஆனால், வருஷங்களைப் பாருங்கள். ஏரிகளில் ரேஸ் விட்ட கிளப்புகள் ஒன்றுசேர்ந்து தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் ஆரம்பித்தது 1937-ல். மியூராக்கில் அவர்களுடைய முதல் கூட்டம் நடந்தது 1938 மே மாதம். அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதோ 1941 டிசம்பர். இன்னும் பின்னால் போனால், எட் வின்ஃபீல்டு என்று ஒருத்தர். 1920-களிலேயே கார்புரேட்டர், கேம்ஷாஃப்ட் என்று புகுந்து விளையாடியவர், வாயைத் திறக்காத ஆசாமி. பின்னாளில் கேம்ஷாஃப்ட் தொழிலில் கொடிகட்டிப் பறந்த எட் இஸ்கெண்டேரியன், அந்த வின்ஃபீல்டைச் சுற்றிச் சுற்றி வந்துதான் தொழில் நுணுக்கம் தெரிந்துகொண்டார். அதாவது, சிப்பாய்கள் வந்து ஹாட் ராட்டைக் கண்டுபிடிக்கவில்லை. ஹாட் ராட் பையன்கள்தான் சிப்பாய்களாகப் போய்விட்டுத் திரும்பினார்கள்.

யுத்தத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. உண்டு. பில் பர்க் என்பவர் யுத்த சமயத்தில் தெற்குப் பசிஃபிக்கில் இருந்தார். போர் விமானங்கள் தொலைதூரம் போக, வயிற்றுக்குக் கீழே ஒரு கூடுதல் எரிபொருள் டாங்க் தொங்கும். காலியானதும் கழற்றிவிடுவார்கள். மீன் மாதிரி வழவழவென்று இருக்கும். மற்றவர்களுக்கு அது டாங்க். பர்க்குக்கு அது ஒரு கார். ஊருக்குத் திரும்பி 1946-ல் அப்படி ஒரு டாங்குக்குள் எஞ்சினை வைத்து ஏரியில் ஓட்டினார். அதே வருஷம், விமானப்படையிலிருந்து வெளியே வந்த கையோடு அலெக்ஸ் ஸைடியாஸ் என்ற இளைஞர் பர்பேங்கில் ஸோ-கால் ஸ்பீடு ஷாப் என்று ஒரு கடை திறந்தார். பிற்பாடு அவரும் ஒரு டாங்க் கார் செய்தார். பி-38 போர் விமானத்தின் டாங்க். அந்த விமானத்தைத் தயாரித்த லாக்ஹீட் தொழிற்சாலை இருந்ததும் அதே பர்பேங்க்தான். 1948-ல் ஸ்டூ ஹில்பார்னின் வண்டி மணிக்கு 150 மைலைத் தாண்டியது. ஏரித் தரையில் அதுவரை எந்த ஹாட் ராடும் அதைத் தொட்டதில்லை. அதே வருஷ ஜனவரியில் 'ஹாட் ராட்' பத்திரிகை. 1949-ல் யூட்டாவின் பானவில் உப்புத் தரையில் முதல் வேக வாரம். 1951-ல் வாலி பார்க்ஸ் தொடங்கிய தேசிய ஹாட் ராட் சங்கம். கிடுகிடுவென்று ஆறு வருஷத்தில் ஒரு பொழுதுபோக்கு தொழிலாக மாறிவிட்டது.

அப்படியானால் 'யுத்தம் முடிந்தது, ஹாட் ராட் பிறந்தது' கதையை யார் கிளப்பிவிட்டது? நான் கேட்ட வரையில் பெரியவர்கள் கிளப்பவில்லை. பேட்டி எடுக்கிறவர் முதல் கேள்வியே 'யுத்தத்திலிருந்து திரும்பியதும்...' என்று ஆரம்பிக்கிறார். பெரியவர் மரியாதைக்கு அங்கிருந்து சொல்ல ஆரம்பிக்கிறார். பத்து நிமிஷத்தில் தானாகவே பள்ளிக்கூட நாட்களுக்குப் போய்விடுகிறார். எடிட்டிங்கில் அந்தப் பள்ளிக்கூடம் போய்விடுகிறது. கேள்வியிலேயே பதிலை வைத்துவிட்டு, அப்புறம் அந்தப் பதிலை ஒரு சரித்திரச் சான்றாக எடுத்துக் காட்டுவது. நம்ம ஊர் டி.வி. பேட்டிகளிலும் தினம் பார்க்கிறோமே.

இன்னொரு உதாரணம், அந்த வார்த்தையே. 'ஹாட் ராட்' என்று அந்தக் காலத்தில் அவர்கள் சொல்லவே இல்லை. ரோட்ஸ்டர் என்பார்கள். கொஞ்சம் முறுக்கேற்றியிருந்தால் 'கௌ ஜாப்'. ஹாட் ராட் என்பது யுத்தம் முடிகிற சமயத்தில்தான் பரவலாகக் காதில் விழ ஆரம்பித்தது. செய்தித்தாள்காரர்கள் அதை ஏறக்குறைய ரவுடி என்ற அர்த்தத்தில்தான் பயன்படுத்தினார்கள். தெருவில் எவன் எதில் மோதினாலும் ஹாட் ராட். ராபர்ட் பீட்டர்ஸன் என்ற இளைஞர் அந்தக் கெட்ட பெயரையே எடுத்துத் தன் பத்திரிகைக்கு வைத்தார். வியாபார மூளை என்றால் அது. சில பெரியவர்களுக்கு அந்த வார்த்தையில் கடைசிவரை ஒரு சின்னக் கசப்பு. ஒரு பெரியவர் 'கௌ ஜாப்' என்கிறார், அடுத்த நொடியே பேட்டியாளர் 'அதாவது ஹாட் ராட்' என்று திருத்துகிறார். நான் அந்த இடத்தில் டேப்பை நிறுத்தி விட்டேன்.

சரி, சினிமாவுக்குப் போவோம். ஹாட் ராட் படங்களில் பெரும்பாலானவை குப்பை. ஒன்று மட்டும் விதிவிலக்கு. ஜார்ஜ் லூகாஸ் 1973-ல் எடுத்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி'. ஆமாம், பின்னால் 'ஸ்டார் வார்ஸ்' எடுத்தாரே அவரேதான். எட்டு லட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் எடுத்து, பத்து கோடி டாலருக்கு மேல் வசூல் பண்ணிய படம். கலிஃபோர்னியாவில் மொடஸ்டோ என்கிற ஊர், 1962, ஒரே ஒரு ராத்திரி. பள்ளிக்கூடம் முடித்த பையன்கள் காரில் ஊரைச் சுற்றுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

இந்தப் படத்தைப் பழைய பாட்டு, பழைய கார், பழைய ஹேர்ஸ்டைல் என்று ஒரு இனிமையான மலரும் நினைவாகத்தான் பலரும் கொண்டாடுகிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். அதில் ஜான் மில்னர் என்று ஒரு பாத்திரம். மஞ்சள் நிற 1932 ஃபோர்டு கூப். ஊரிலேயே வேகமான வண்டி. மற்ற பையன்களுக்கு வயது பதினேழு, பதினெட்டு. மில்னருக்கு இருபத்திரண்டு. அந்தப் படத்தில் அவன்தான் கிழவன்! படிப்பு முடிந்தவர்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள், இவன் போக இடமில்லாமல் அதே தெருவில் அதே காரில் சுற்றுகிறான். விதிவசத்தால் கேரல் என்கிற வாயாடிச் சின்னப் பெண் ராத்திரி பூரா அவன் பக்கத்து ஸீட்டில் மாட்டிக்கொள்கிறாள். அல்லது அவன் அவளிடம் மாட்டிக்கொள்கிறான்.

நடுராத்திரியில் இருவரும் ஒரு காயலான் கடைக்குப் போகிறார்கள். நொறுங்கிய கார்கள் வரிசையாகக் கிடக்கின்றன. மில்னர் நடந்துகொண்டே ஒவ்வொரு வண்டியாகக் காட்டி, இதில் யார் இருந்தார்கள், எங்கே மோதினார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று சொல்லிக்கொண்டு போகிறான். குரலில் சோகம் கிடையாது. பட்டியல் வாசிக்கிற மாதிரி. தான் மட்டும் இன்னும் இங்கே வந்து சேரவில்லை என்கிற சின்னப் பெருமை வேறு. அந்தப் பெண் வாயாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். ஹாட் ராட் பெரியவர் ஒருவர் பேசுவதையும் ஒருத்தி நிஜமாகவே கேட்பதையும் சினிமா இதைவிட நன்றாகக் காட்டியதில்லை என்பேன். கவனியுங்கள், அவள் குறுக்கே 'உனக்குப் பயமாக இல்லையா?' என்று கேட்டு விளக்கம் வாங்குவதில்லை. அந்தக் கேள்விக்கான விடை காயலான் கடையாகவே சுற்றிலும் நிற்கிறது.

கடைசியில் விடியற்காலை ரேஸ். எதிராளியின் கார் புரண்டு எரிகிறது, யாரும் சாகவில்லை, மில்னர் ஜெயித்துவிட்டான். ஆனால், அவனுக்குத் தெரியும், கார் புரளாமல் இருந்திருந்தால் தான் தோற்றிருப்பேன் என்று. நண்பனிடம் அதைச் சொல்லவும் செய்கிறான். நண்பன் ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறான். நீதான் நம்பர் ஒன், எப்போதும் நீதான். மில்னர் சரி என்று விட்டுவிடுகிறான். பாருங்கள், ஒரு பொய்க்கதை எப்படிப் பிறக்கிறது என்று. சம்பவம் நடந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சொல்கிறவன் உண்மையைச் சொல்கிறான். கேட்கிறவனுக்கு அது வேண்டாம்.

லூகாஸ் இதை எங்கிருந்து பிடித்தார் என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அவர் மொடஸ்டோக்காரர். கார் பைத்தியம். 1962 ஜூனில், பதினெட்டு வயதில், பள்ளி முடிகிற சமயத்தில், தன் சின்ன இத்தாலியக் காரில் விபத்துக்குள்ளாகி மயிரிழையில் பிழைத்தவர். படத்தின் காலமும் அதே 1962 கோடைக்காலம். படம் முடிந்ததும் திரையில் எழுத்தாக நான்கு பேரின் கதி வருகிறது. மில்னர் 1964 டிசம்பரில் குடிபோதையில் ஓட்டிய ஒருவனால் கொல்லப்பட்டான். இன்னொருவன் 1965-ல் வியட்நாமில் காணாமல் போனான். மலரும் நினைவாம்!

ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். அந்தக் கடைசி எழுத்துகளில் பையன்களுக்கு மட்டும்தான் இடம். படத்தில் அவ்வளவு நேரம் வந்த பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வரி கிடையாது.

டாம் உல்ஃப் விஷயம் வேறு. 1963-ல் 'எஸ்கொயர்' பத்திரிகைக்காகக் கலிஃபோர்னியா போய், கார்களை அலங்கரிக்கும் ஜார்ஜ் பாரிஸ், எட் ராத் போன்றவர்களைப் பார்த்துவிட்டு வந்தார். எழுத முடியவில்லை. குறிப்புகளையாவது அனுப்பு, வேறு யாரையாவது எழுதச் சொல்கிறேன் என்றார் ஆசிரியர். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஆசிரியருக்குக் கடிதம் மாதிரி அடித்து அனுப்பினார். 49 பக்கம். ஆசிரியர் மேலே இருந்த விளிப்பை மட்டும் வெட்டிவிட்டு அப்படியே போட்டார். 1965-ல் அந்தக் கட்டுரையின் தலைப்பைச் சுருக்கி வைத்த புத்தகமும் வந்தது. பத்திரிகைக்காரர்கள் மத்தியில் இது புராணம். நடை துள்ளும், மறுப்பதற்கில்லை. கார் வடிவமைப்பை ஒரு கலையாக மதித்து எழுதியவர் என்ற வகையில் அவருக்கு ஒரு சலாமும் போடலாம். ஆனால், படித்து முடித்துவிட்டு யோசித்தால் உல்ஃபின் குரல்தான் காதில் நிற்கிறது. பாரிஸ் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், எங்கே தயங்கினார் என்று கேட்டால் எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

அவரைவிட டீன் பாட்செலர் எனக்கு உபயோகமாக இருந்தார். 1995-ல் வந்த 'தி அமெரிக்கன் ஹாட் ராட்'. இவர் வெளியாள் இல்லை. ஸைடியாஸோடு சேர்ந்து ஒரு ஸ்ட்ரீம்லைனர் கட்டியவர். 1950-ல் அந்த வண்டி பானவிலில் 208 மைலைத் தாண்டியது. அப்படிப்பட்டவர் எழுதியது எப்படி இருக்கும்? வறட்சியாக இருக்கும். துள்ளல் கிடையாது. யார், எந்த வண்டி, எந்த வருஷம், எந்த இடம். யுத்தத்துக்கு முந்தைய ஏரி நாட்களை அவற்றுக்கு உரிய இடத்தில் வைக்கிறார். கொட்டாவி வரும் பக்கங்களும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், நல்ல கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் ஒரு ருசி இருக்கிறது. பழகினால்தான் தெரியும்.

பேரேடு என்றதும் பணம் ஞாபகத்துக்கு வருகிறது. பூஜ்யத்தில் ஆரம்பித்த அந்தக் கார்களின் இன்றைய கதை தெரியுமா? கலிஃபோர்னியாவில் பெபிள் பீச் என்று ஒரு கார் கண்காட்சி. கோட்டு சூட்டு, தொப்பி, ஷாம்பெய்ன், ராஜா காலத்து கார்கள். அங்கே 1997-ல் முதன்முறையாக ஹாட் ராட்களுக்கு என்று ஒரு பிரிவு திறந்தார்கள். ஜெயித்தது டோன் ஸ்பென்ஸர் என்பவர் ஒரு காலத்தில் கட்டிய 1932 ரோட்ஸ்டர். 1961-ல் மூடிய ஸோ-கால் ஸ்பீடு ஷாப்பின் பெயரும் அதே 1997-ல் தூசி தட்டி மறுபடி கடைக்கு வந்தது. 2014-ல் அமெரிக்கத் தபால்துறை 1932 ஃபோர்டு ஹாட் ராட்களுக்கு ஸ்டாம்ப்பே வெளியிட்டுவிட்டது. செய்தித்தாள்காரர்கள் ரவுடி என்று எழுதிய சமாசாரம், நாக்கால் தடவி ஒட்டாத, ஸ்டிக்கர் வகை ஸ்டாம்ப்பாக!

இதனால் பெரியவர்களின் கதைக்கு என்ன ஆகிறது? இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. 1932 ஃபோர்டு மாதிரியே புது பாடி இன்று அச்சு அசலாகச் செய்து தருகிறார்கள். ஆகவே, தகரத்தைப் பார்த்து விலை சொல்ல முடியாது. இந்த வண்டி 1940-களில் ஏரியில் ஓடியதா, யார் ஓட்டினார், எந்த ரேஸ், எவ்வளவு வேகம்? அதுதான் விலை. ஃபோட்டோ, கோப்பை, ஏரியில் கொடுத்த வேகத் தகடு ஏதாவது இருந்தால் சரி. இல்லாவிட்டால் எஞ்சியிருப்பது யாரோ ஒரு தொண்ணூறு வயதுக்காரரின் ஞாபகம். 'ஆமாம் தம்பி, இது அந்த வண்டிதான்' என்று அவர் சொன்னால் ஒரு விலை. 'நினைவில்லையே' என்றால் வேறு விலை. எங்கள் அக்கவுன்டன்ஸி புத்தகத்தில் குட்வில் என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து, ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் ஏறும். தாத்தாவின் ஞாபகம் இப்போது அந்த ரகம். அப்படி ஒரு நிலைமையில் யாரும் அவரிடம் 'தெரியவில்லை' என்ற பதிலை எதிர்பார்த்துக் கேள்வி கேட்பதில்லை. பெரியவரும் மனுஷர்தான். தூரத்திலிருந்து பிளேன் பிடித்து வந்தவரை ஏமாற்றி அனுப்ப மனசு வராது.

ஆகவே, பேட்டிகளை நான் கேட்கும்போது ஒரு தனிக் கணக்கு வைத்துக்கொள்கிறேன். விலைக்கு உதவாத விவரம் எதையாவது சொல்கிறாரா? விடியற்காலைக் குளிர், காற்று கிளம்புவதற்குள் ஓட்டி முடிக்கவேண்டிய அவசரம், ஆரம்ப நாட்களில் நாலைந்து கார் ஒரே சமயத்தில் கிளம்பும்போது முன்னால் போகிறவனுக்கு மட்டும்தான் பாதை தெரியும், பின்னால் வருகிறவனுக்கு வெறும் புழுதி என்பது. இதெல்லாம் எந்த வண்டியின் விலையையும் ஒரு டாலர்கூட உயர்த்தாது. அதனாலேயே நம்புகிறேன்.

புழுதியில் ஓட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஏரியில் செத்தவர்கள் உண்டு. தெருவில் செத்தவர்கள் இன்னும் அதிகம். ஹென்றி கிரிகர் ஃபெல்சன் 1950-ல் 'ஹாட் ராட்' என்று ஒரு நாவலே எழுதினார், பையன்களைப் பயமுறுத்துவதற்காக. பிரசங்க வாடை தூக்கல். பயமுறுத்தும் எழுத்தில் சாவு இருக்கிறது, பெருமை பேசும் பேட்டியில் சாவு இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்தது அந்தக் காயலான் கடைக் காட்சி ஒன்றுதான்.

இன்னொரு மௌனமும் இருக்கிறது. யுத்தத்துக்கு முன்னால் அந்த ஏரிகளில் ரேஸ் விட்ட பையன்களில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களும் உண்டு. அதே கலிஃபோர்னியாவில் பிறந்தவர்கள், அதே ஃபோர்டு, அதே புழுதி. 1942 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு, கடை, கார் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாம்களுக்குப் போகவேண்டியதாயிற்று. கையில் தூக்கக்கூடியதை மட்டும் எடுத்து வரலாம். கார் கையில் தூக்கக்கூடியது இல்லை. கிடைத்த விலைக்கு விற்றார்கள்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். எல் மிராஜ் ஏரிக்குப் பக்கத்தில் 395-ம் நம்பர் நெடுஞ்சாலை போகிறது. அதிலேயே வடக்கே போய்க்கொண்டிருந்தால் மன்சனார் வரும். முள்வேலி, காவல் கோபுரம், பத்தாயிரம் பேர் அடைக்கப்பட்டிருந்த முகாம். மியூராக் கதை இன்னொரு மாதிரி. அந்த ஏரியை ராணுவம் எடுத்துக்கொண்டது. அங்கேதான் 1947 அக்டோபரில் சக் யேகர் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்தார். மியூராக்கைப் பற்றி ஹாட் ராட் பெரியவர்களிடம் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். 1942-ல் உங்கள் கிளப்பிலிருந்து காணாமல் போன பையன் யார், அவன் வண்டியை யார் வாங்கினார்கள் என்ற கேள்வியை நான் கேட்ட பேட்டிகளில் ஒருவரும் கேட்கவில்லை. பெரியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஸ்பானர் சைஸைக் கேட்டால் ஸ்பானர் சைஸைத்தான் சொல்வார்கள். இனிமேல் கேட்கவும் ஆள் குறைவு. அலெக்ஸ் ஸைடியாஸ் 2024-ல் காலமானார். வயது 102.

கடைசியாக ஒருவர். வீடா ஆர். எழுத்துக் கூட்டிப் படித்தால் வேதா என்று வரும், நம்ம ஊர் மாமி என்று நினைத்துவிடாதீர்கள். கணவர் கார்ல் ஆர் ஏரிகளில் பெயர்பெற்ற ரேஸ்காரர், கல்வர் சிட்டியில் ஸ்பீடு ஷாப் வைத்திருந்தவர். அந்த அம்மாளும் ஓட்டினார். ஆண்கள் மட்டுமே இருந்த டைமிங் அசோசியேஷனில் போட்டியிட்ட முதல் பெண் என்று சொல்வார்கள். யுத்தம் வந்தது. பையன்கள் பசிஃபிக், ஐரோப்பா என்று சிதறிப்போனார்கள். ரேஸ் நின்றுபோயிற்று. இவர் என்ன செய்தார் என்றால், சங்கத்தின் செய்தித்தாளைத் தாமே தயாரித்து, கடல் கடந்து இருந்த பையன்களுக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஏரி கிடையாது, ரேஸ் கிடையாது, பெட்ரோலுக்கு ரேஷன். செய்தித்தாள் மட்டும் போய்க்கொண்டிருந்தது. சிப்பாய்கள் திரும்பி வந்து ஹாட் ராட்டைக் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னேனே ஒரு கதை, அதைச் சொல்கிறவர்கள் இந்தத் தபாலைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. கிளப் கலையாமல் இருந்ததால்தான் திரும்பி வந்தவர்கள் உடனே சேர முடிந்தது. யுத்தம் முடிந்தபின் அவர் ஏரி கார்களின் படங்களைத் தொகுத்துப் புத்தகமாகவும் போட்டார். பீட்டர்ஸனின் பத்திரிகை வருவதற்கு முன்பே.

லூகாஸ் தன் படத்தில் கேரலுக்குப் பக்கத்து ஸீட்டைக் கொடுத்தார். வீடா ஆர் உட்கார்ந்தது ஸ்டீரிங்குக்குப் பின்னால். வண்டி, 1932 ஃபோர்டு.